வேகமும் தண்டனையும்

திருவாரூர்த் தெருவில் ஓடிய தேரின் கதையைத் தமிழ்நாட்டில் அறியாதார் இலர். இளவரசனின் தேர்க்காலில் கன்று ஒன்று சிக்கி மாண்டது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. அரசன் காரணம் கேட்டான். ‘அறியாமல் நேர்ந்தது, இதற்குப் பிராயச்சித்தம் உண்டு, அதைச் செய்தால் போதும்’ என்றனர் அமைச்சர்கள். அரசனோ அதற்கு இணங்கவில்லை. கதையின் முடிவை நாம் அனைவரும் அறிவோம். அதன் நடுவில் எழுந்த வழக்கைத்தான் நாம் பெரிதும் எண்ணிப் பார்ப்பதில்லை. வண்டியால் விளைந்த கேட்டுக்குப் பரிகாரமாக ஒரு தொகையைக் கட்டிவிட்டு எழுந்து செல்லலாமா, அல்லது அதற்கு மேலும் ஏதேனும் வேண்டுமா? மனுநீதிச் சோழனின் அவையில் எழுந்த அக்கேள்வியே இன்று நம் நாட்டு நீதித்துறை நடுவர் நீதிமன்றங்களிலும் நாள்தோறும் எழுகிறது. தேருக்குப் பதில் மோட்டார் சைக்கிளும் காரும் பஸ்ஸும் லாரியும் வந்துள்ளன. கன்றுக்குப் பதில் பெரும்பாலும் மனிதர்களே சாகிறார்கள்.

மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். இவர்களில் நூற்றுக்கு எழுபத்தொருவர் இறந்ததற்குக் காரணமாகப் பதிவாகியிருப்பது மிகுவேகம். அதே ஆண்டில் நாட்டிலேயே மிகுதியான விபத்துகள் நிகழ்ந்த மாநிலம் நம் தமிழ்நாடு. இங்கே நிகழ்ந்தவை 64,105. இறந்தோர் எண்ணிக்கையில் உத்தரப் பிரதேசத்திற்கு அடுத்து நாம் இரண்டாமிடம். எண்களைப் படிக்கும்போது நெஞ்சு நடுங்குவதில்லை என்பது உண்மையே. ஆனால் நம் வகுப்பறைகளில் அமர்ந்திருப்போரில் பெரும்பாலோர் 18 வயது முதல் 22 வயதுக்குள்ளானவர். புதிதாக உரிமம் பெற்றவர், அல்லது பெறப் போகிறவர். ஆகவே மிகுவேகத்திற்குச் சட்டம் என்ன தண்டனை வைத்திருக்கிறது, நீதிமன்றம் அதை எவ்வாறு அளக்கிறது என்பதை அறிந்துகொள்வது நமக்கு இன்றியமையாதது.

வேகம் ஏன் குற்றமாகிறது?

‘நான் யார் மீதும் மோதவில்லை, கொஞ்சம் வேகமாகச் சென்றேன், அதில் என்ன குற்றம்?’ என்று கேட்போர் பலர். இதற்கு விடை சட்டப் புத்தகத்தில் இருப்பதைவிட நம் இயற்பியல் துறையிலேயே தெளிவாக இருக்கிறது.

ஓடும் பொருளின் இயக்க ஆற்றல் அதன் வேகத்தின் இருபடிக்கு ஏற்ப வளர்கிறது. மணிக்கு 40 கி.மீ. வேகத்தை 80 ஆக்கினால் மோதலின் ஆற்றல் இரு மடங்கு ஆவதில்லை. நான்கு மடங்கு ஆகிறது. இன்னொரு கணக்கும் பார்ப்போம். இடையூறு ஒன்றைக் கண்டு, காலைப் பிரேக்கில் வைப்பதற்கு ஒரு விநாடி ஆகிறது என்று கொள்வோம். காய்ந்த சாலையில் நல்ல பிரேக் வண்டியை விநாடிக்கு 7 மீட்டர் வீதம் மட்டுப்படுத்துகிறது என்றும் கொள்வோம். 60 கி.மீ. வேகத்தில் வரும் கார், அந்த ஒரு விநாடியில் ஏறக்குறைய 16.7 மீட்டர் ஓடி, பின்னர் 19.8 மீட்டரில் நிற்கும். மொத்தம் 36.5 மீட்டர். அதே கார் 80 கி.மீ. வேகத்தில் வந்தால் முறையே 22.2 மீட்டரும் 35.3 மீட்டரும், ஆக 57.5 மீட்டர் வேண்டும்.

இப்போது 36.5 மீட்டர் தொலைவில் பள்ளிச் சிறுவன் ஒருவன் சாலையைக் கடக்கிறான் என்று எண்ணுங்கள். முதல் கார் அவன் அருகில் வந்து நின்றுவிடும். இரண்டாவது கார் அதே இடத்தை எட்டும்போது இன்னும் ஏறக்குறைய 60 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்! கூடுதலாக எடுத்துக்கொண்ட வேகம் இருபதுதான். ஆனால் சிறுவன் மீது மோதுவது அறுபது. இதனால்தான் சட்டம் மோதல் நிகழும்வரை காத்திராமல், வேகத்தையே தனிக் குற்றமாக வைத்திருக்கிறது.

சட்டம் வளர்ந்த வழி

வேகத்தைச் சட்டத்தால் அளக்கும் வழக்கம் நூற்றாண்டுக்கு மேற்பட்டது. இங்கிலாந்தில் 1865ஆம் ஆண்டுச் சட்டம், தானே ஓடும் வண்டிகளுக்கு ஊருக்குள் மணிக்கு 2 மைல், வெளியே 4 மைல் என்று வரம்பிட்டது. முன்னால் ஒருவர் சிவப்புக் கொடியுடன் நடந்து செல்லவும் வேண்டும்! 1896ஆம் ஆண்டு ஜனவரியில் கென்ட் மாவட்டத்தில் ஒருவர் 2 மைல் வரம்புள்ள இடத்தில் 8 மைல் வேகத்தில் கார் ஓட்டினார். சைக்கிளில் துரத்திச் சென்ற காவலர் அவரைப் பிடித்தார். வேகத்திற்காக அவருக்கு நீதிமன்றம் விதித்தது ஒரு ஷில்லிங் அபராதமும் செலவுத் தொகையும். மிகுவேகத்திற்காகத் தண்டனை பெற்ற முதல் காரோட்டி என்று வரலாறு இவரையே குறிக்கிறது. அந்த ஆண்டின் இறுதியிலேயே வரம்பை 14 மைல் வரை உயர்த்த வழிசெய்யும் புதிய சட்டம் வந்துவிட்டது.

இந்தியாவில் 1914ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும், அதன்பின் 1939ஆம் ஆண்டுச் சட்டமும் நடைமுறையில் இருந்தன. இப்போது இருப்பது 1988இல் இயற்றப்பட்டு 1989 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த சட்டம். அதில் மிகுவேகத்திற்கு முதல் முறை அபராதம் 400 ரூபாய்க்கு மேற்படாது. மறுமுறை 1,000 ரூபாய் வரை. முப்பது ஆண்டுகள் அந்தத் தொகை அப்படியே இருந்தது. விலைவாசி ஏற ஏற, தண்டனை தானாகவே தேய்ந்துகொண்டு வந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம்தான் அதை மாற்றியது. அந்த ஆண்டு செப்டம்பர் முதல் நாள் புதிய தண்டனைகள் நடைமுறைக்கு வந்தன.

தண்டனையின் படிகள்

இன்றைய சட்டத்தில் வேகத்திற்கான தண்டனை ஒரே அளவாக இல்லை. ஏணியின் படிகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளது.

முதற்படி, 183ஆம் பிரிவு. குறிக்கப்பட்ட வேக வரம்பைத் தாண்டினாலே போதும், குற்றம். இலகுரக வாகனமாயின் 1,000 ரூபாய்க்குக் குறையாமல் 2,000 ரூபாய் வரை அபராதம். நடுத்தர, கனரக வாகனமாயின் 2,000 முதல் 4,000 ரூபாய் வரை. இரண்டாம் முறை அதே குற்றம் செய்தால் ஓட்டுநர் உரிமத்தைக் கைப்பற்றி, உரிமம் வழங்கும் அலுவலருக்கு அனுப்ப வேண்டும். இந்தப் பிரிவில் சிறைத்தண்டனை இல்லை.

இரண்டாம் படி, 184ஆம் பிரிவு. இது ஆபத்தான முறையில் ஓட்டுதல் பற்றியது. வரம்பு என்ன, முள் எதைக் காட்டியது என்பது மட்டும் இங்கே கேள்வியன்று. அந்த இடம் எத்தகையது, சாலையின் நிலை என்ன, அந்நேரத்தில் எவ்வளவு போக்குவரத்து இருந்தது அல்லது இருக்கக்கூடும் என்பவை அனைத்தையும் நீதிமன்றம் கருதும். 60 வரம்புள்ள சாலையில் 50இல் சென்றவரும், பள்ளி விடும் நேரத்தில் பிள்ளைகள் கூட்டத்தினூடே சென்றிருந்தால் இப்பிரிவில் சிக்கலாம். பொதுமக்களுக்கு ஆபத்து விளைவிப்பது மட்டுமன்றி, வண்டியில் இருப்போருக்கும் சாலையில் செல்வோருக்கும் அச்சமோ மனவேதனையோ உண்டாக்குவதும் 2019க்குப் பின் இக்குற்றத்தில் அடங்கும். தண்டனை: ஆறு மாதத்திற்குக் குறையாமல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்றாண்டுக்குள் மீண்டும் செய்தால் ஈராண்டு வரை சிறையும், பத்தாயிரம் ரூபாய் அபராதமும் வரக்கூடும்.

இதையொட்டியதே 189ஆம் பிரிவு. அரசின் எழுத்து மூலமான இசைவின்றிப் பொதுச்சாலையில் பந்தயம் விடுவதும், வேகச் சோதனை நடத்துவதும் குற்றம். மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை செய்தால் ஓராண்டு வரை சிறை. விடுமுறை நாள் மாலையில் புறவழிச்சாலையில் ‘யார் வண்டி முந்துகிறது பார்ப்போம்’ என்று இருவர் கிளம்பினால், அவர்கள் விளையாட்டாக எண்ணுவது இப்பிரிவின் எல்லைக்குள்தான் வருகிறது.

மூன்றாம் படி, பொதுக் குற்றவியல் சட்டம். 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை முதல் நாளிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. பொதுவழியில் உயிருக்கு ஆபத்து உண்டாகும்படி கண்மூடித்தனமாகவோ கவனக்குறைவாகவோ ஓட்டினால் 281ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. அத்தகைய செயலால் கொடுங்காயம் ஏற்பட்டால் 125ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை. உயிர் போனால் 106ஆம் பிரிவு.

இந்த 106ஆம் பிரிவின் வரலாறு கருதத்தக்கது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தலுக்கு 1860ஆம் ஆண்டு மூலச் சட்டத்தில் தனிப் பிரிவே இல்லை. 1870இல்தான் 304-அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அதன்படி உச்சத் தண்டனை ஈராண்டுச் சிறை. மாட்டு வண்டிக் காலத்தில் எழுந்த அந்த ஈராண்டு, நான்கு வழிச்சாலைக் காலம் வரை, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் மாறாமல் இருந்தது. புதிய சட்டம் அதை ஐந்தாண்டாக உயர்த்தியது. விபத்தை விளைவித்துவிட்டுக் காவல்துறைக்கோ நடுவருக்கோ தெரிவிக்காமல் ஓடிவிடுவோருக்குப் பத்தாண்டு வரை சிறை என்ற உட்பிரிவும் அதில் எழுதப்பட்டது. லாரி ஓட்டுநர்கள் 2024 ஜனவரியில் இதை எதிர்த்துப் போராடினர். அதன் விளைவாக, சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது.

ஏணியின் உச்சிப்படி கொலையாகாத மரணக் குற்றம். ‘இப்படி ஓட்டினால் மனிதர் சாகக்கூடும்’ என்ற அறிவோடே ஒருவர் ஓட்டினார் என நீதிமன்றம் கண்டால் இது பொருந்தும். முன்பு 304ஆம் பிரிவின் இரண்டாம் பகுதியாக இருந்தது, இப்போது 105ஆம் பிரிவில் உள்ளது. பத்தாண்டு வரை சிறை.

நீதிமன்றத்தில் நிகழ்வது என்ன?

மிகுவேகத்திற்குப் பிடிபட்ட எல்லாரும் நீதிமன்றப் படி ஏறுவதில்லை. சட்டத்தின் 200ஆம் பிரிவு, சில குற்றங்களுக்கு அரசு குறித்த இணக்கக் கட்டணத்தை அலுவலரிடம் கட்டி வழக்கை முடித்துக்கொள்ள இடம் தருகிறது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் இக்கட்டணங்கள் புதிய சட்டத்திற்கு ஏற்ப உயர்த்தப்பட்டன. கட்ட விரும்பாதவர், அல்லது குற்றத்தை மறுப்பவர் நீதிமன்றம் செல்லலாம். அங்கும் சிறு குற்றமாயின், 208ஆம் பிரிவின்படி, குற்றத்தை ஒப்புக்கொண்டு சம்மனில் கண்ட தொகையை அனுப்பி முடிக்க வழி உண்டு. மறுத்தால் விசாரணை நடக்கும்.

அவ்விசாரணையில் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் சட்டம் ஒரு காப்பு அளித்திருக்கிறது. ‘இவர் வேகமாகப் போனதாக எனக்குத் தோன்றியது’ என்று ஒரே ஒரு சாட்சி கூறினால், அதை மட்டும் வைத்து 183ஆம் பிரிவில் தண்டிக்க முடியாது. அக்கருத்து இயந்திரக் கருவி அல்லது மின்னணுக் கருவி கொண்டு அளந்ததன் அடிப்படையில் அமைந்திருக்க வேண்டும். கண் வேகத்தை அளப்பதில் மிகவும் ஏமாறக்கூடியது. பெரும் ஓசை எழுப்பும் வண்டி வேகமாகவும், ஓசையற்ற கார் மெதுவாகவும் செல்வதாகவே நமக்குப் படும். ஆகவே இந்த விதி நியாயமானதே. இப்போது சாலையோரத்தில் நிறுத்தப்படும் வேகமானிக் கேமராக்கள் வண்டியின் எண், நாள், நேரம், இடம், அளந்த வேகம் ஆகியவற்றைப் பதிவு செய்கின்றன. அக்கருவிகளுக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்புதல் சான்று இருக்க வேண்டும் என்று விதிகள் கூறுகின்றன.

வெறும் ‘வேகம்’ என்ற சொல் போதாது என்பதை உச்ச நீதிமன்றமும் 1998இல் ஒரு கர்நாடக வழக்கில் எடுத்துரைத்தது. லாரி ஒன்று கவிழ்ந்து பலர் இறந்திருந்தனர். ‘மிகுந்த வேகத்தில் வந்தது’ என்று மட்டுமே சாட்சிகள் கூறினர். மிகுவேகம் என்பது இடத்தையும் சூழலையும் பொறுத்த சொல். அந்தச் சாலையில் அந்நேரத்தில் எது மிகுவேகம் என்பதை அரசுத் தரப்பு நிறுவ வேண்டும். வேகம் என்ற ஒன்றையே கொண்டு கண்மூடித்தனம் என முடிவு கட்டலாகாது என்றது நீதிமன்றம். ஓட்டுநரின் விடுதலை உறுதி செய்யப்பட்டது. இறந்தோர் குடும்பத்தினருக்கு இது கசப்பாக இருந்திருக்கும். ஆயினும் தண்டனை என்பது துயரத்தின் அளவைக் கொண்டன்று, நிறுவப்பட்ட குற்றத்தின் அளவைக் கொண்டே விதிக்கப்படும் என்பதே இதன் பாடம்.

குற்றம் நிறுவப்பட்டபின் இரக்கம் காட்டலாமா? முதல் முறை குற்றம் செய்தோரைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையின்பேரில் விடுவிக்க 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உள்ளது. கண்மூடித்தனமாக ஓட்டி உயிர் போக்கிய ஒருவர் இச்சலுகையைக் கேட்டபோது, 2000ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. இத்தகைய வழக்குகளில் பிறருக்கு எச்சரிக்கையாக அமைவதே தண்டனையின் முதன்மை நோக்கமாக இருக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் கருத்து.

இரண்டு வழக்குகள்

ஒரே ஆண்டில், ஒரே உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்த இரண்டு தீர்ப்புகளைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயன் தரும்.

2006 நவம்பரில், மும்பை கார்ட்டர் சாலையில், விடியுமுன் ஒரு கார் நடைபாதை மீது ஏறியது. அங்கே உறங்கிக்கொண்டிருந்த கூலித் தொழிலாளர்களில் ஏழு பேர் இறந்தனர். ஓட்டியவர் மது அருந்தியிருந்த இளைஞர். விசாரணை நீதிமன்றம் இதைக் கவனக்குறைவால் விளைந்த மரணம் எனக் கொண்டு ஆறு மாதச் சிறை விதித்தது. மும்பை உயர் நீதிமன்றமோ கொலையாகாத மரணக் குற்றம் எனக் கண்டு மூன்றாண்டாக உயர்த்தியது. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

1999 ஜனவரியில், டில்லியில், விலையுயர்ந்த வெளிநாட்டுக் கார் ஒன்று மோதி ஆறு பேர் இறந்தனர். அவ்வழக்கிலும் உயர் நீதிமன்றம் கவனக்குறைவு என்று குறைத்ததை உச்ச நீதிமன்றம் 2012 ஆகஸ்டில் மாற்றி, கொலையாகாத மரணக் குற்றமே என்றது. ஆனால் தண்டனை என்ன? ஏற்கெனவே அனுபவித்த ஈராண்டுச் சிறையே போதும் என்றும், 50 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்றும், ஈராண்டு சமூகப் பணி செய்ய வேண்டும் என்றும் உத்தரவாயிற்று. அத்தொகை, மோதிவிட்டுத் தப்பிய வண்டி எதுவெனத் தெரியாத வழக்குகளில் பாதிக்கப்பட்டோருக்கு உதவுவதற்காக.

இரு வழக்கிலும் குற்றத்தின் பெயர் ஒன்று. தண்டனையின் வடிவம் வேறு. பெருந்தொகையும் சமூகப் பணியும் சிறைக்கு ஈடாகுமா என்பதில் கருத்து வேற்றுமை இருக்கலாம். ஆனால் ‘விபத்துதானே, சிறு தண்டனையோடு போய்விடும்’ என்ற பழைய எண்ணத்திற்கு இவ்விரு தீர்ப்புகளும் முற்றுப்புள்ளி வைத்தன எனலாம்.

உரிமம் போனால்

அபராதத்தை மட்டுமே தண்டனையாக எண்ணுவோர் உரிமத்தை மறந்துவிடுகின்றனர். வண்டியைக் கொண்டு செய்த எந்தக் குற்றத்திற்குத் தண்டிக்கும்போதும், அதனோடு சேர்த்து, இவர் குறித்த காலம் வரை உரிமம் பெறத் தகுதியற்றவர் என்று அறிவிக்க 20ஆம் பிரிவு நீதிமன்றத்திற்கு அதிகாரம் தருகிறது. உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015இல், மிகுவேகத்திற்கு மூன்று மாதத்திற்குக் குறையாமல் உரிமத்தை நிறுத்தி வைக்க வேண்டும் என மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. லாரியோ டாக்சியோ ஓட்டிப் பிழைப்பவருக்கு மூன்று மாதம் உரிமம் இல்லை என்றால் மூன்று மாதம் அடுப்பு எரியாது என்று பொருள். வசதி படைத்தவரோ ஓட்டுநர் ஒருவரை அமர்த்திக்கொள்வார். ஒரே தண்டனை இருவர் மேல் விழும் பாரம் ஒன்றன்று.

நம் இல்லங்களில் உள்ள தம்பி தங்கையரைப் பற்றியது 199-அ பிரிவு. பதினெட்டு வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், வண்டியின் உரிமையாளரோ பெற்றோரோ குற்றவாளி என்றே சட்டம் முதலில் கொள்ளும். தமக்குத் தெரியாமல் நிகழ்ந்தது, அல்லது தடுக்க இயன்றவரை முயன்றோம் என்று அவர்களே நிறுவ வேண்டும். மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதத்திற்கு ரத்து. ஓட்டிய சிறுவனுக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. ‘கடைக்குப் போய் வா’ என்று பத்தாம் வகுப்புப் பையனிடம் ஸ்கூட்டர் சாவியைக் கொடுக்கும் அன்புள்ள தந்தையர் இதைச் சற்று எண்ண வேண்டும்.

மற்றொன்று: இவை யாவும் குற்றத்திற்கான தண்டனைகள். இழந்தோர்க்கு இழப்பீடு என்பது வேறு வழக்கு. அதற்கெனத் தனித் தீர்ப்பாயம் உண்டு. இன்சூரன்ஸ் நிறுவனம் இழப்பீட்டைக் கொடுக்கலாம். ஆனால் சிறைவாசத்தை எந்த நிறுவனமும் நமக்குப் பதிலாக ஏற்றுக்கொள்ளாது.

ஓட்டுபவர் மட்டுமா குற்றவாளி?

பஸ்ஸில் வரும் நம் மாணவர்கள் காலை நேரத்துப் போட்டியை நன்கறிவர். முன்னால் போகும் பஸ்ஸை முந்தினால்தான் அடுத்த நிறுத்தத்துக் கூட்டம் நமக்கு. முந்தாவிட்டால் வசூல் இல்லை. வசூல் இல்லாவிட்டால் முதலாளியிடம் வசவு. இந்நிலையில் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் ஓட்டுநராயினும், ஆக்சிலரேட்டரை மிதிப்பது வேறொரு கால் அன்றோ?

சட்டம் இதையும் கருதியிருக்கிறது. தம்மிடம் வேலை செய்பவரையோ தம் பொறுப்பில் உள்ளவரையோ வரம்பு மீறி ஓட்டச் செய்பவரும் 183ஆம் பிரிவில் குற்றவாளியே. அதே பிரிவில் அதிகம் அறியப்படாத ஒரு விதி உண்டு. வேக வரம்பை மீறாமல் முடிக்க இயலாத பயணத்தை, இத்தனை நேரத்தில் முடிக்க வேண்டும் என்று கால அட்டவணை வெளியிட்டாலோ கட்டளை இட்டாலோ, அந்த அட்டவணையே வெளியிட்டவர் குற்றத்திற்கு முதல்நிலைச் சான்றாகும். முப்பது கிலோமீட்டர் நகரச் சாலையை, நிறுத்தங்கள் உட்பட முப்பது நிமிடத்தில் கடக்கச் சொல்லும் அட்டவணை, தானே எழுதித் தந்த ஒப்புதல் வாக்குமூலம் என்று கொள்ளலாம்! இந்த விதியைப் பயன்படுத்தினால் எத்தனையோ ஓட்டுநர்கள் நிம்மதியாக மூச்சு விடுவர். படியில் தொங்கும் மாணவர்களும்தான்.

அபராதம் தண்டனையா, விலையா?

இனி பிற நாடுகளைச் சற்று நோக்குவோம். இங்கிலாந்தில் மிகுவேகத்திற்கு நீதிமன்றம் விதிக்கும் அபராதம் குற்றவாளியின் வார வருமானத்தைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளின்படி, 30 மைல் வரம்புள்ள இடத்தில் 40 மைல் வரை சென்றால் வார வருமானத்தில் பாதி. 41 முதல் 50 வரை எனில் ஒரு வார வருமானம். 51க்கு மேல் எனில் ஒன்றரை வார வருமானம். இவை தொடக்க அளவுகள். உச்ச வரம்பு 1,000 பவுன்; மோட்டார்வே எனப்படும் நெடுஞ்சாலையில் 2,500 பவுன். அத்துடன் உரிமத்தில் குற்றப் புள்ளிகள் ஏறும். மூன்றாண்டுக்குள் 12 புள்ளிகள் சேர்ந்தால் பொதுவாக ஆறு மாதமாவது ஓட்டத் தடை. புதிதாக உரிமம் பெற்றவர் ஈராண்டுக்குள் 6 புள்ளி பெற்றாலே உரிமம் ரத்தாகிவிடும். மீண்டும் தேர்வு எழுதி, ஓட்டிக் காட்ட வேண்டும்.

பின்லாந்து இன்னும் ஒருபடி மேலே சென்றுள்ளது. அங்கே 1921 முதல் ‘நாள் அபராத’ முறை உள்ளது. குற்றத்தின் கடுமைக்கு ஏற்ப இத்தனை நாள் என்றும், வருமானத்திற்கு ஏற்ப ஒரு நாளுக்கு இவ்வளவு என்றும் கணக்கிட்டுப் பெருக்குவர். வரம்பை மணிக்கு 20 கி.மீ.க்கு மேல் தாண்டினால் இம்முறை பொருந்தும். 2023இல் அந்நாட்டின் ஓலண்ட் தீவுப் பகுதியில் ஒரு பெருஞ்செல்வர், 50 கி.மீ. வரம்புள்ள இடத்தில் 82 கி.மீ. வேகத்தில் சென்றதற்காக 1,21,000 யூரோ அபராதம் பெற்றார்! அதே குற்றத்தை ஒரு கூலித் தொழிலாளி செய்திருந்தால் அதில் மிகச் சிறு பங்கே கட்டியிருப்பார். ஆயினும் இருவருக்கும் வலி ஒன்றாக இருந்திருக்கும்.

நம் நாட்டில் 183ஆம் பிரிவின் ஆயிரம் ரூபாய், நாட்கூலிக்காரருக்குப் பல நாள் உணவு. மாளிகைவாசிக்கு ஒரு வேளைச் சிற்றுண்டி. முன்னவருக்கு அது தண்டனை. பின்னவருக்கு வேகமாகச் செல்வதற்கான கட்டணம். திருவாரூர் அமைச்சர்கள் சொன்ன பிராயச்சித்தத்தில் இருந்த குறையும் இதுதான்: கொடுக்க வல்லவனுக்கு அது தண்டனையாகவே ஆவதில்லை. ஆகவே வருமானத்தை ஒட்டிய அபராதத்தை நம் நாடும் எண்ணிப் பார்க்கலாம். ஆனால் வருமானக் கணக்கே சரிவரக் காட்டாதோர் மிகுந்த நாட்டில் அது எளிதன்று. அதுவரை உரிமத்தை நிறுத்தி வைப்பதே செல்வரையும் ஓரளவு தொடக்கூடிய தண்டனை. அதையே நீதிமன்றங்கள் மிகுதியாகக் கையாள வேண்டும் என்பது என் கருத்து. பிழைப்புக்கு ஓட்டுபவர் விஷயத்தில், அவரை விரட்டிய முதலாளியையும் கூண்டில் ஏற்றிய பின்னரே அவரது உரிமத்தில் கை வைப்பது முறையாகும்.

இங்கே சட்டத்தைக் காப்போரைப் பற்றியும் ஒரு சொல். இச்சட்டத்தைச் செயற்படுத்தும் அதிகாரம் பெற்றவரே இக்குற்றத்தைச் செய்தால், அவருக்கு இரு மடங்கு தண்டனை என்கிறது 210-ஆ பிரிவு. வேலியே பயிரை மேயக்கூடாது என்பதைச் சட்டமும் ஒப்புக்கொண்டிருக்கிறது.

முடிவாக, மாணவ நண்பர்களே! 60 கி.மீ. வேகத்தில் பத்துக் கிலோமீட்டர் செல்லப் பத்து நிமிடம் ஆகிறது. 80இல் ஏழரை நிமிடம். நாம் மிச்சம் பிடிப்பது இரண்டரை நிமிடம். அந்த இரண்டரை நிமிடத்தை ஒரு தட்டிலும், ஆறு மாதம் முதல் பத்தாண்டு வரை நீளும் சிறையை மறு தட்டிலும் வைத்துப் பாருங்கள். அரசுப் பணிக்குத் தேர்வெழுதக் காத்திருப்போர், பணியில் சேருமுன் நன்னடத்தைச் சரிபார்ப்பு உண்டு என்பதையும், குற்ற வழக்கு உண்டா என்ற கேள்விக்கு விடை எழுத வேண்டும் என்பதையும் நினைவிற் கொள்க. இவற்றையெல்லாம்விடக் கனமானது ஒன்று உண்டு. சட்டத்தால் ஓட்டியவரைத் தண்டிக்க முடியும். உரிமத்தைப் பறிக்க முடியும். இழப்பீடு வாங்கித் தர முடியும். சாலையில் விழுந்தவரை எழுப்பி வீட்டுக்கு அனுப்ப எந்த நீதிமன்றத்திற்கும் அதிகாரமில்லை. அந்த அதிகாரம், விழுவதற்கு முந்தைய ஒரு விநாடி வரை, ஓட்டுபவரின் வலக்காலில்தான் இருக்கிறது.